வெயிலில் நிற்கக் கூடாதாம்!

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேலூர்ப் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு அந்தத் தங்கச்சி ஷாலால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள். எப்போதும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறவள், அன்று சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். "என்னம்மா ஆச்சு?" என்று எங்களில் ஒரு அக்கா கேட்டார். "ஒண்ணுமில்லக்கா, அலர்ஜி." ஷாலை எடுத்தபோது இரண்டு கன்னமேட்டிலும் உதட்டுக்கு மேலும் தோல் உரிந்து, அடியில் சூடு வைத்ததுபோலக் கருந்திட்டுகள்.

கதை வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. ஒரு மாதத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள், "படிச்ச பொண்ணுதான், நிறம்தான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மதுரையில் ஒரு பார்லரில் விசாரித்தபோது, "கெமிக்கல் பீல் மூணு சிட்டிங் எடுத்தா ரெண்டு ஷேடு கூடும்" என்றிருக்கிறார்கள். அம்மாவின் சீட்டுப் பணம் அதற்குப் போனது. முதல் சிட்டிங் முடிந்த மூன்றாம் நாள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. நூறு நாள் வேலை அட்டையில் இவள் பெயரும் இருக்கிறது. கண்மாய் வேலைக்கு இவள் போனாள். சாயங்காலத்துக்குள் முகம் எரிய ஆரம்பித்தது. மறுநாள் பார்லருக்கு ஓடினாள். அங்கே கிடைத்த பதில் இதுதான்: "வெயில்ல நிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல? நீ ஏன் போன?"

நீ ஏன் போன? தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்.

பீல் என்றால் என்ன?

முதலில் சரக்கு என்னவென்று தெரிந்துகொள்வோம். தெரியாமல் எதிர்ப்பது நம் பழக்கம் இல்லை. கெமிக்கல் பீல் என்பது அமிலத்தைத் தோலில் தடவி, மேலடுக்கை அளவோடு புண்ணாக்கி, உரியவைத்து, புதுத்தோல் வளர விடும் வைத்தியம். கிளைகாலிக், லாக்டிக், சாலிசிலிக், டி.சி.ஏ. என்கிற ட்ரைகுளோரோ அசிட்டிக், பீனால் என்று இதற்குப் பயன்படும் பொருட்கள் பல. எந்தப் பொருள், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், எத்தனை பூச்சு என்பதைப் பொறுத்து அது மேலோட்டமாக நிற்கலாம், நடு ஆழத்துக்கு இறங்கலாம், அடி ஆழத்துக்கே போகலாம். கிளைகாலிக் பீலைக் கடிகாரம் பார்த்து வைத்து, உரிய நேரத்தில் சோடா உப்புக் கரைசல் விட்டு அடக்க வேண்டும். பீனால் உடம்புக்குள் ஏறினால் இதயத் துடிப்பையே குலைக்கும் என்பதால், இதயத்தைக் கண்காணித்துக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். ஃபேஷியல் வரிசையில் நாலாவதாக எழுதி ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை இது.

இதற்கு நியாயமான பயன்கள் உண்டு. பருத் தழும்பு, மங்கு, சிலவகைத் திட்டுகள் ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவர் பார்த்துச் செய்தால் பலன் கிடைக்கும். பருத் தழும்போடு மருத்துவரிடம் போகும் பிள்ளைகளை நாங்கள் கேலி செய்யப் போவதில்லை. நோயைக் குணப்படுத்துகிற மருத்துவர் நமக்கு எதிரி இல்லை. எங்கள் சண்டை ஒரே ஒரு வாக்குறுதியோடுதான். 'கறுப்பாக இருக்கிறாயா? உரித்து வெளுப்பாக்கித் தருகிறோம்' என்கிற வாக்குறுதி. அது பொய். பொய் மட்டும் இல்லை, நம் தோலுக்கு ஆபத்தான பொய்.

ஏன் பொய்? தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கிற செல்களின் எண்ணிக்கை ஐரோப்பியருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை தயாரிக்கிற நிறமித் துகள்களின் அளவும், அளவோடு சேர்ந்து பரவலும்தான் வேறு. மேலோட்டமான பீல் உரிப்பது மேலே இருக்கிற செத்த அடுக்கையும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான். நிறம் தயாரிக்கும் செல் அங்கேயேதான் இருக்கும். சில வாரங்களில் வளர்ந்து மேலே வரும் புதுத்தோல், அம்மா அப்பா தந்த அதே நிறத்தில்தான் வரும். அதனால்தான் 'மெயின்டனன்ஸ் சிட்டிங்' என்று மறுபடி மறுபடி கூப்பிடுகிறார்கள். தீராத நோய்க்கு வைத்தியம் பார்ப்பதுபோல, இல்லாத நோய்க்கு ஆயுள் முழுக்கத் தவணை கட்டச் சொல்கிறார்கள்.

ஏன் ஆபத்து? 1975-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயில் பட்டால் தோல் எப்படி எரிகிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்து ஒரு வகைப்பாடு செய்தார். முதலில் அதில் வெள்ளைத் தோலுக்குத்தான் வகைகள் இருந்தன. பழுப்புக்கும் கறுப்புக்கும் 5, 6 என்று பிறகுதான் எண் போட்டார்கள். நாம் பெரும்பாலோர் 4, 5 வகைகளில் வருவோம், சிலர் 6-ல். தோல் மருத்துவம் படிக்கிற எந்த மாணவரையும் கேட்டுப் பாருங்கள். இந்த வகைத் தோலில் புண் ஆறும்போது அந்த இடம் முன்னைவிடக் கறுத்துப்போகும் வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்வார். ஆழமான பீல் இந்தத் தோலுக்கு வேண்டாம் என்பதும், நடு ஆழத்துக்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பதும், மேலோட்டமானதைக்கூடக் குறைந்த வீரியத்தில் தொடங்க வேண்டும் என்பதும் அவர்கள் படிக்கிற பாடம். முன்னதாக இரண்டு முதல் நான்கு வாரம் தோலைத் தயார்செய்ய வேண்டும். பின்னால் வெயில் படாமல் இருக்க வேண்டும், சன்ஸ்க்ரீன் விடாமல் பூச வேண்டும்.

ஆக, கறுப்பைப் போக்குவதாக விற்கிற சரக்கு, கறுத்த தோலில்தான் அதிகம் கறுப்பை உண்டாக்கும். நம் தங்கச்சியின் கன்னத்தில் நாங்கள் பார்த்தது அதைத்தான். அதற்குப் பெயர் அலர்ஜி இல்லை.

யாரால் வெயிலைத் தவிர்க்க முடியும்?

'வெயிலில் நிற்காதே' என்பது மருத்துவப்படி சரியான அறிவுரை. ஆனால் அதை யாருக்குச் சொல்கிறார்கள்? மதுரைச் சமவெளியில் சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். அந்த வெயிலில் கண்மாயில் மண் அள்ளுகிறவர்கள் யார்? அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் கரும்பு வெட்டியவர்கள் யார்? நடவும் களையெடுப்பும் யார் வேலை? விடியும் முன்பே வந்து, வெயில் ஏறிய பிறகும் மாசி வீதிகளைக் கூட்டிக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர்கள் பெரும்பாலும் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்பது ஊருக்கே தெரியும். சன்ஸ்க்ரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், வியர்த்தால் உடனே பூச வேண்டும். ஒரு ட்யூப் வாங்கினால் ஒரு நாள் கூலி அதற்கே போய்விடும். மண்வெட்டி பிடித்த கையோடு இரண்டு மணிக்கு ஒருமுறை முகம் கழுவி, ட்யூப் பிதுக்கிப் பூசுகிற கூலிக்காரப் பெண்ணை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

கிளைகாலிக் அமிலம் கரும்பில் இயற்கையாகவே இருக்கிற பொருள். பாட்டிலில் வருவது பெரும்பாலும் ஆலையில் செய்தது என்றாலும், 'கரும்பிலிருந்து வந்த இயற்கை அமிலம்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கரும்புக் கொல்லையில் கறுத்த தோலை, கரும்பின் பெயரைச் சொல்லி உரிக்கிறார்கள். கொல்லையில் நிற்பவளும் ஏ.சி. அறையில் இருப்பவளும் ஒரே விலையைக் கட்டினாலும் ஒரே பலனைப் பெற முடியாது. நிழல் உள்ளவளுக்கு ஓரளவு பலன் கிடைக்கும். நிழல் இல்லாதவளுக்குத் தழும்புதான் மிஞ்சும். யாருக்கு நிழல் என்பதை நிலம் தீர்மானிக்கிறது. யாருக்கு நிலம் என்பதை இந்த நாட்டில் சாதி தீர்மானித்தது.

இப்போது பார்லர்களில் 'டீ-டேன்' என்று ஒன்று நடக்கிறது. உன் உண்மையான நிறம் உள்ளே ஒளிந்திருக்கிறது, மேலே ஒட்டியிருப்பது வெயில் அழுக்கு, அதைத் துடைத்தெடுக்கலாம் என்பது அதன் தத்துவம். யோசித்துப் பாருங்கள். உழைப்பின் அடையாளத்தை அழுக்கு என்று சொல்வதும், அதைச் சுமப்பவரைச் சுத்தமில்லாதவர் என்று சொல்வதும் நமக்குப் புதிதா? நம்மைத் தெருவுக்குள் விடாதவர்கள் சொன்னதும் இதைத்தானே? அவர்கள் தீட்டு என்றார்கள். இவர்கள் டேன் என்கிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள்.

'நிறத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்?'

இதை எழுதினால் வரப்போகும் கேள்வி எங்களுக்குத் தெரியும். "கறுத்த பிராமணர் இல்லையா? உங்களில் சிவந்தவர்கள் இல்லையா? எல்லாவற்றிலும் சாதியைத் தேடுகிறீர்களே!"

நியாயமான கேள்விபோலத் தெரியும். பதில் நம் ஊர்ப் பழமொழியிலேயே இருக்கிறது. 'கறுத்த பாப்பானையும் செவத்த பறையனையும் நம்பாதே' என்று இந்த ஊர் சொல்லி வைத்திருக்கிறது. கறுத்த பார்ப்பனர் இருக்கிறார், சிவந்த பறையர் இருக்கிறார் என்பது ஊருக்குத் தெரியும். தெரிந்தும் அவர்கள் இருவரும் தப்பானவர்கள் என்கிறது. மேலே இருப்பவன் சிவப்பாகவும் கீழே இருப்பவன் கறுப்பாகவும் இருக்க வேண்டும் என்று விதி எழுதிவிட்டு, விதிக்கு அடங்காத உடம்புகளின் பிறப்பையே சந்தேகிக்கிறது. நிறம் சாதி இல்லை. ஆனால் சாதி தன்னை எழுதிக்கொண்ட இடங்களில் நிறமும் ஒன்று.

வெள்ளைக்கார அதிகாரிகள் இந்த எழுத்துக்கு விஞ்ஞானம் என்று முத்திரை குத்தினார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதிகளை மேல் கீழாக அடுக்கலாம் என்றார். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோரின் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்தார். அவர் தொகுத்த, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன.

இதற்குப் பதில் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். 1936-ல் லாகூரில் பேச விடாமல் தடுக்கப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையில், சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனத்தவர்தாம், சாதிக்கும் இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று வாதிட்டார். 1948-ல் தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் அந்த மூக்கு அளவுகளையே எடுத்து வைத்து, அவை மேல்சாதி தனி இனம் என்பதை நிரூபிக்கவில்லை என்று காட்டினார். எதிரியின் அளவுகோலைக் கொண்டே எதிரியின் கணக்கு தப்பு என்று காட்டிய மனிதர் அவர். அவர் படத்தை மாட்டிய சுவருக்குக் கீழே உட்கார்ந்து, 'ரெண்டு ஷேடு கூடுமா' என்று கேட்க வைத்திருக்கிறதே இந்தச் சந்தை, அதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

ஐம்பது வருட வியாபாரம்

சந்தையின் வரலாறும் தெரிய வேண்டும். ஃபேர் அண்டு லவ்லி இந்தியாவில் வந்தது 1975-ல். சென்னையின் கெவின்கேர் நிறுவனம் 1998-ல் குங்குமப்பூவையும் பாலையும் சொல்லி ஃபேரெவர் கொண்டுவந்தது. 2005-ல் இமாமி ஆண்களுக்கென்று ஃபேர் அண்டு ஹேண்ட்சம் கொண்டுவந்தது. 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டை போலீஸ் கொன்ற பிறகு எழுந்த கறுப்பின மக்களின் போராட்டம் உலகை உலுக்கியபோது, ஃபேர் அண்டு லவ்லி தன் பெயரை க்ளோ அண்டு லவ்லி என்று மாற்றிக்கொண்டது. 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. டெல்லியில் ஒருவர் 79 ரூபாய் கொடுத்து ஆண்களுக்கான கிரீம் வாங்கிப் பூசி, சொன்னபடி வெளுக்கவில்லை என்று 2013-ல் வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் நுகர்வோர் ஆணையம் அந்த விளம்பரம் தவறாக வழிநடத்துவது என்று சொல்லி, இமாமி 14.5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.

கிரீம் வெளுக்காது என்பது ஐம்பது வருடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் வியாபாரம் அடுத்த படிக்கு ஏறியிருக்கிறது. இப்போது 'வெளுப்பு' என்ற சொல் இல்லை. 'ப்ரைட்டனிங்', 'ஸ்கின் டோன்', 'கிளாஸ் ஸ்கின்' என்கிறார்கள். கிரீமின் இடத்தில் பீல், பீலுக்கு மேலே குளுட்டாதயோன் ஊசி. அந்த ஊசியைத் தோல் வெளுக்கப் போடாதீர்கள் என்று பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துத் துறை 2011-லேயே எச்சரித்துவிட்டது.

பீலுக்குக் காசில்லாதவர்கள் எங்கே போகிறார்கள்? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு ட்யூபுக்குப் போகிறார்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் எரியும். இப்படி முகம் கெட்டு வருபவர்கள் பெருகியதால் தோல் மருத்துவர்கள் சங்கமே போராடி, 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. உங்கள் ஊர்க் கடையில் அந்த அறிவிப்பு நடைமுறையில் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

இன்னும் கீழே போனால் லேபிள் இல்லாத டப்பா கிரீம்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் அபூர்வமான ஒரு வகை 15 பேருக்கு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய்க்குறி தெரியும் முன் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது. மதுரையிலிருந்து கோட்டக்கல் ஒரு ராத்திரிப் பயணம்தான்.

நம் வீட்டுக்குள்ளே

இதுவரை வெளியே கை நீட்டினோம். இனி உள்ளே நீட்ட வேண்டும். நம் தங்கச்சியைப் பார்த்து 'நிறம் கம்மி' என்று சொல்லிவிட்டுப் போனது ஆதிக்க சாதிக் குடும்பம் இல்லை. அதுவும் நம் குடும்பம்தான். அந்த வீட்டிலும் அண்ணல் படம் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று தல்லாகுளம் சிலைக்கு மாலை போட வந்திருந்தால் நாமெல்லாம் அவர்களுக்குக் கை கொடுத்திருப்போம்.

கறுத்த மகள் பிறந்தால் 'கருவாச்சி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறோம். அந்தச் செல்லத்துக்குள்ளே ஒரு கவலை இருக்கிறது. பத்து வயதானதும் கடலைமாவு, பதினைந்தில் கிரீம், இருபதில் ப்ளீச், மாப்பிள்ளை பார்க்கும்போது பீல். பெண் கறுப்பு என்றால் இரண்டு பவுன் கூடக் கேட்கிறார்கள். பவுன் போடுவதைவிடப் பீல் மலிவு என்று அம்மாக்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் தப்பில்லை, கணக்குப் போட வைத்தவர்கள்தான் தப்பு. ஆகவே பார்லருக்குப் போன பெண்களைத் திட்டுகிற வேலையை நாம் செய்யக் கூடாது. மணமகள் தேவை விளம்பரத்தில் 'நல்ல நிறம்' என்று எழுதக் கொடுக்கும் நம் அண்ணன்களைத்தான் கேட்க வேண்டும். மேடையில் சாதி ஒழிப்பு பேசிவிட்டு, பெண் பார்க்கும்போது போட்டோவை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிற தோழரைக் கேட்க வேண்டும்.

இந்த ஊரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது. மதுரையின் அரசி மீனாட்சி பச்சை நிறத்தாள் என்கிறார்கள். அழகர்கோயிலில் காவல் நிற்பது பதினெட்டாம்படிக் கருப்பு. எல்லை தோறும் கருப்பசாமி. பிள்ளைக்குக் கருப்பு என்று பெயர் வைப்பார்கள், கருப்பின் முன்னால் பொய்ச் சத்தியம் செய்யப் பயப்படுவார்கள். மருமகள் மட்டும் கறுப்பாக வரக் கூடாது.

படித்துப் பெரிய பதவிக்குப் போனால் இது தீர்ந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? 2025 மார்ச்சில் கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், தன் நிறத்தைக் கணவரின் நிறத்தோடு ஒப்பிட்டு ஒருவர் சொன்ன சொல் தன்னை எப்படிப் பாதித்தது என்று முகநூலில் எழுதினார். கணவர் அவருக்கு முன்னால் அதே பதவியில் இருந்தவர். ஒரு மாநிலத்தின் முதல் அதிகாரிக்கே இந்த நிலை என்றால், துணிக்கடையில் நின்று புடவை விரிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பெண்களுக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. நம் அரசமைப்பின் 15-வது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் நிறம் இல்லை. 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் நிறம் இருக்கிறது. இந்தியா 1968-ல் ஏற்றுக்கொண்ட இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையிலும் இருக்கிறது. வெளியே கையெழுத்துப் போட்டதை உள்ளே கேட்க நமக்கு உரிமை உண்டு.

செய்ய முடியுமா? செய்திருக்கிறார்கள்

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்களுக்கு வெளுப்பு கிரீம் விற்பது பெரிய தொழிலாக இருந்தது. ஹைட்ரோகுவினோன் கலந்த அந்த கிரீம்களால் ஆயிரக்கணக்கான பெண்களின் முகத்தில் மாறாத கருநீலத் திட்டுகள் வந்தன. ஸ்டீவ் பிகோ போன்றவர்கள் வளர்த்த கறுப்பு உணர்வு இயக்கம், தன் உடம்பை வெறுக்கக் கற்பிப்பதும் அடிமைத்தனம்தான் என்று மக்களிடம் பேசியது. பிகோ 1977-ல் போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். ஆனால் அந்தப் பேச்சு நிற்கவில்லை. தோல் மருத்துவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 1990-ல் அந்த நாடு வெளுப்பு கிரீம்களைத் தடை செய்தது. எந்த அழகுப் பொருளும் தோலை வெளுக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்றது. திருட்டுத்தனமாக இன்னும் விற்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் அரசியல் விடுதலையும் தோலின் விடுதலையும் ஒரே போராட்டம்தான் என்று ஒரு மக்கள் நிரூபித்தார்கள்.

இங்கே மத்திய அரசு 2020 பிப்ரவரியில் ஒரு வரைவு வெளியிட்டது. தோலை வெளுக்கும் என்று விளம்பரம் செய்தால் முதல் முறை 2 வருடம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம் என்பது அதில் இருந்தது. அதைச் சட்டமாக்கு என்பது நம் கோரிக்கை. அந்தச் சட்டம் பீலுக்கும் ஊசிக்கும் சேர்த்துப் பொருந்த வேண்டும் என்பதும் நம் கோரிக்கை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். விடுதிகளிலும் கல்லூரிகளிலும் இருக்கிற தோழர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள்.

பீல் செய்கிற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். செய்பவர் மருத்துவரா, அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவெண் என்ன? தடவப்போகும் பொருளின் பெயரும் சதவீதமும் என்ன? இந்த இடம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவானதா? 1997-ல் வந்த அந்தச் சட்டத்துக்கு 2018-ல் விதிகளும் வந்துவிட்டன. பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வெயிலில் வேலை உள்ளவர்கள் அதைக் கூச்சமில்லாமல் முதலிலேயே சொல்லுங்கள். நல்ல மருத்துவராக இருந்தால், "அப்படியானால் இப்போது வேண்டாம்" என்பார்.

முகம் கெட்டுவிட்டால் மறைத்து வைக்காதீர்கள். இன்னொரு பீலோ, கடைக்காரர் தரும் ட்யூபோ போடாதீர்கள். பெரியாஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போங்கள், காசு கேட்க மாட்டார்கள். ரசீது, பாட்டிலின் போட்டோ, முகத்தின் போட்டோ, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. பாட்டாளிக் குடும்பத்துச் சீட்டுப் பணத்துக்கும் அங்கே கணக்குக் கேட்கலாம்.

கல்யாணம் பேசுகிற இடத்தில், நிறம் பற்றிய பேச்சு வந்ததும் எழுந்து நின்று சொல்லுங்கள். அண்ணன், தம்பிகளுக்குத்தான் இது முதல் வேலை. 'எனக்கு நிறம் முக்கியமில்லை' என்று பெருந்தன்மை காட்ட வேண்டாம். 'என் வீட்டுக்காக அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது' என்று சொல்லுங்கள்.

அந்தத் தங்கச்சியின் திட்டுகள் மங்க ஏழெட்டு மாதம் ஆனது. இடது கன்னத்தில் ஒன்று இன்னும் லேசாக இருக்கிறது. பார்லருக்கு எங்களோடு ஒருமுறை வந்தாள். "நீ ஏன் போன?" என்று கேட்ட அதே மேசைக்கு முன்னால் நின்று, "கண்மாய் வேலைக்குப் போனேன். அதைக் கேக்காம ஏன் ஆசிட் போட்டீங்க?" என்று கேட்டாள். பணம் பாதிதான் திரும்பி வந்தது. மீதிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். கணக்கு வகுப்பும் மறுபடி நடக்கிறது, ஷால் இல்லாமல்.

வெயிலில் நின்றது நம் குற்றம் இல்லை. ஜெய்பீம்!